கேளுங்கள், சொல்கிறேன்: உங்கள் ப்ராஜெக்ட் எந்த வெர்ஷனில் ஓடுகிறது?

இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாமே நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வந்தவை. யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன வெப் ப்ராஜெக்ட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, அது எந்த ஃப்ரேம்வொர்க்கின் எந்த வெர்ஷன் என்று தெரியாமல் வேலை நகரவில்லை. ஃப்ரேம்வொர்க் என்பது தளம் எழுத உதவும் ஆயத்த அடித்தளம்: லாரவெலும் கோட்இக்னைட்டரும் பிஎச்பி மொழியில், ஜாங்கோ பைத்தான் மொழியில், ஆங்குலர் பிரவுசரில் ஓடும் பகுதிக்கு. குன்னூரில் என் பிழைப்பே இப்படிக் கைமாறி வரும் ப்ராஜெக்ட்களைப் பார்த்துக்கொள்வதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கமாண்ட்களும் ஃபைல் பெயர்களும் உச்சரிப்புப்படி தமிழில் அச்சாகின்றன. கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் டைப் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடை, கழிவு, மாதக் கணக்கு எல்லாமே ஒரு வெப் சாஃப்ட்வேரில்தான் நடக்கிறது. எழுதிக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை. நான் பி.சி.ஏ. என்பதால் என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலையைப் போடும் பக்கத்தில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். லாரவெல் என்று தெரிகிறது. ஆனால் வீடியோவில் காட்டும் ஃபைல்கள் என் ஃபோல்டரில் இல்லை. கம்போசர் டாட் ஜேசானில் ^8.75 என்று இருக்கிறது. அப்படியென்றால் வெர்ஷன் 8.75 தானே? (வாசகர், கோத்தகிரி)

பதில்: இல்லை தம்பி. கம்போசர் என்பது தேவையான பேக்கேஜ்களை இறக்கித் தரும் கருவி; 8.75 என்பது அதனிடம் எழுதியவர் கேட்டது. கிடைத்தது வேறாக இருக்கலாம். முன்னால் உள்ள ^ குறியோடு சேர்த்துப் படித்தால், "8.75-க்குக் குறையக் கூடாது, 9-க்குப் போகவும் கூடாது, இடையில் எது இருந்தாலும் சரி" என்று அர்த்தம். உண்மையில் எது வந்து சேர்ந்தது என்பதை அதே ஃபோல்டரில் உள்ள கம்போசர் டாட் லாக் ஃபைல் சொல்லும்.

அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து "லாரவெல்/ஃப்ரேம்வொர்க்" என்று தேடுங்கள். பல இடங்களில் அகப்படும். மற்ற பேக்கேஜ்கள் தங்களுக்கு என்னென்ன தேவை என்று எழுதிவைத்திருக்கும் இடத்திலும் அதே பெயர் வரும். அங்கே பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். "நேம்" என்று தொடங்கும் வரியில் அந்தப் பெயர் எங்கே வருகிறதோ, அதுதான் நமக்கு வேண்டிய இடம். அதற்கு நேர் கீழ்வரி "வெர்ஷன்". உதாரணத்துக்கு அங்கே வி8.83.27 என்று இருந்தால் அதுதான் பூட்டிவைத்த வெர்ஷன். ஃபைலுக்கு லாக் என்று பெயர் வைத்ததே அதனால்தான்.

அப்புறம் அதை ஓட்டியே கேட்டுவிடுங்கள். ஆர்ட்டிசன் என்ற ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் டெர்மினலில் "பிஎச்பி ஆர்ட்டிசன் --வெர்ஷன்" என்று போட்டால் "லாரவெல் ஃப்ரேம்வொர்க்" என்ற பெயரும் எண்ணும் ஒரே வரியில் வரும். ஃபேக்டரி கம்ப்யூட்டர் விண்டோஸாக இருந்து எக்ஸாம்ப் (பிஎச்பியையும் சர்வரையும் சேர்த்துத் தரும் தொகுப்பு) போட்டிருந்தால், பிஎச்பி என்ற கமாண்டே தெரியாது என்று சொல்லக்கூடும். பயப்பட ஒன்றுமில்லை. சி டிரைவில் எக்ஸாம்ப் ஃபோல்டர், அதற்குள் பிஎச்பி ஃபோல்டர், அதற்குள் இருக்கும் பிஎச்பி டாட் இஎக்ஸ்இ. அந்த முழுப் பாதையையும் முன்னால் கொடுத்து, பின்னால் ஆர்ட்டிசனைச் சேருங்கள்.

ஆர்ட்டிசனே எரர் அடித்து நின்றாலும் வழி இருக்கிறது. கம்போசர் இறக்கியவை இருக்கும் வெண்டர் ஃபோல்டருக்குள் லாரவெல், ஃப்ரேம்வொர்க், எஸ்ஆர்சி, இல்லுமினேட், ஃபவுண்டேஷன் என்று வரிசையாக இறங்கினால் அப்ளிகேஷன் டாட் பிஎச்பி என்று ஒரு ஃபைல். அதில் மேலேயே "கான்ஸ்ட் வெர்ஷன்" என்ற வரி இருக்கும். ஆர்ட்டிசன் உங்களுக்குச் சொல்லும் எண்ணும் இங்கிருந்து எடுத்ததுதான். எதையும் ஓட்டாமல், நெட் இல்லாமல், பென் டிரைவில் வந்த காப்பியில்கூடப் பார்த்துக்கொள்ளலாம். லாக் ஃபைலில் ஒரு எண், இங்கே வேறு எண் என்றால், ஓடிக்கொண்டிருப்பது இங்கே இருப்பதுதான். யாரோ லாக் ஃபைலை மாற்றிவிட்டு இன்ஸ்டால் போடாமல் போயிருக்கிறார்கள், இல்லையென்றால் வெண்டர் ஃபோல்டரை வேறு இடத்திலிருந்து காப்பி செய்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வெர்ஷனைத் தெரிந்துகொள்ளும்வரை "கம்போசர் அப்டேட்" போடாதீர்கள். அது லாக் ஃபைலையே திருத்தி எழுதிவிடும். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் சாட்சி அந்த நிமிடத்தோடு போய்விடும். வெண்டர் ஃபோல்டர் இல்லாத காப்பி கிடைத்திருந்தால் "கம்போசர் இன்ஸ்டால்" போடுங்கள். அது லாக் ஃபைலைப் படித்து, அதில் இருக்கும் அதே எண்களைத்தான் இறக்கும்.

லாரவெலின் எண்ணோடு பிஎச்பியின் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஜோடி. லாரவெல் 8-க்கு பிஎச்பி 7.3 முதல் 8.1 வரை ஒத்துவரும். லாரவெல் 9-க்கு குறைந்தது 8.0 வேண்டும், 10-க்கு 8.1, 11-க்கு 8.2. "பிஎச்பி -வி" என்றால் டெர்மினலில் இருக்கும் பிஎச்பியைத்தான் சொல்லும். வெப் சர்வர் வேறொரு பிஎச்பியைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஒரே மெஷினில் இரண்டு பிஎச்பி இருப்பது நான் அடிக்கடி பார்க்கும் காட்சி. சந்தேகம் வந்தால் பிஎச்பிஇன்ஃபோ என்ற ஃபங்ஷனை ஒரு தற்காலிகப் பக்கத்தில் போட்டு பிரவுசரில் திறந்து பாருங்கள். பார்த்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள்.

வீடியோவில் இருக்கும் ஃபைல் உங்களிடம் இல்லாததற்கும் காரணம் இதுதான். 2024-இல் வந்த லாரவெல் 11-இல் ஃபோல்டர் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். பழைய கெர்னல் டாட் பிஎச்பி அதில் கிடையாது, அந்த வேலை பூட்ஸ்ட்ராப் ஃபோல்டரில் இருக்கும் ஆப் டாட் பிஎச்பிக்குப் போய்விட்டது. சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களைத் தொகுக்கும் கருவியாக இருந்த லாரவெல் மிக்ஸ் 2022 நடுவில் போய், வீட் என்ற கருவி வந்தது. மாடல்ஸ் என்று தனி ஃபோல்டர் வந்தது 2020-இல் வந்த 8-இல். ரூட்ஸ் ஃபோல்டர் வெளியே வந்தது 5.3-இல். லாக் ஃபைலும் இல்லை, வெண்டரும் இல்லை என்ற நிலையில் இந்த அடையாளங்களை வைத்தே ஓரளவு வட்டத்தைச் சுருக்கிவிடலாம். லாரவெலின் ஆவணப் பக்கத்தில் வெர்ஷனைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி இருக்கிறது. அதில் 8.எக்ஸ் என்று வைத்துக்கொண்டு படியுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

விலை போடும் பக்கம் எந்த ஃபைலில் இருக்கிறது என்பதற்கு "பிஎச்பி ஆர்ட்டிசன் ரூட்:லிஸ்ட்" போடுங்கள். எந்த முகவரி எந்த கன்ட்ரோலருக்குப் போகிறது என்று பட்டியல் வரும். கை வைக்கும் முன் டேட்டாபேஸை பேக்கப் எடுத்துவிடுங்கள். அதில் இருப்பது ஒவ்வொரு குடும்பமும் மாதம் முழுக்கப் பறித்த தேயிலையின் காசு. லாரவெல் 8-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஜனவரியோடு நின்றுவிட்டன. சாஃப்ட்வேர் ஆபீசுக்குள் மட்டும் ஓடினால் நிதானமாக மேலே கொண்டுபோகலாம். விவசாயிகள் வீட்டிலிருந்து மொபைலில் பார்க்கிறார்கள் என்றால் முதலாளியிடம் இன்றே பேசுங்கள். பேங்க் அக்கவுண்ட் எண்கள் அதில் இருக்கின்றன.

கேள்வி: மேடம், பெருமாள்மலையில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். புக்கிங் தளம் ஜாங்கோவில் எழுதியது. இ-பாஸ் வந்ததிலிருந்து விருந்தினரிடம் அந்த எண்ணைப் போனில் கேட்டுக் கேட்டு வாங்குகிறோம். புக்கிங் படிவத்திலேயே ஒரு கட்டம் சேர்த்துவிடலாம் என்று நானே உட்கார்ந்தேன். செட்டிங்ஸ் ஃபைலின் தலையில் ஜாங்கோ 2.2 என்று எழுதியிருக்கிறது. என் லேப்டாப்பில் பிப் ஷோ போட்டால் 5.2 என்கிறது. அதில் ஓட்டிப் பார்த்தால் யுஆர்எல் என்ற பெயரை இம்போர்ட் செய்ய முடியவில்லை என்று எரர். சர்வரில் மட்டும் நன்றாக ஓடுகிறது. எதை நம்புவது? (வாசகி, கொடைக்கானல்)

பதில்: நீங்கள் பார்த்த இரண்டு எண்ணும் பொய் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு இரண்டுமே பதில் இல்லை.

செட்டிங்ஸ் ஃபைலின் தலையில் இருக்கும் வரி, ப்ராஜெக்டை முதன்முதலில் தொடங்கிய அன்று ஜாங்கோ தானாக எழுதியது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. பிறப்புச் சான்றிதழைப் போல, பிறந்தது எப்போது என்று சொல்லும்; இன்றைய வயதைச் சொல்லாது. லேப்டாப்பில் வந்த 5.2, உங்கள் லேப்டாப்பில் பொதுவாகப் போட்டிருக்கும் ஜாங்கோ. ப்ராஜெக்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் அனுப்பிய எரரே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டது, கவனித்தீர்களா? அந்த யுஆர்எல் ஃபங்ஷனை ஜாங்கோ 4.0-இல் எடுத்துவிட்டார்கள். 4.0 வந்தது 2021 டிசம்பரில். உங்கள் கோடு அதைப் பயன்படுத்துகிறது, சர்வரிலும் ஓடுகிறது. ஆகவே சர்வரில் இருப்பது 4.0-க்குக் கீழே. செட்டிங்ஸ் 2.2 என்கிறது, எனவே பெரும்பாலும் 2.2-க்கும் 3.2-க்கும் இடையில் ஏதோ ஒன்று.

இன்னும் நெருங்க வேண்டுமானால், டேட்டாபேஸ் அமைப்பில் செய்த மாற்றங்கள் பதிவாகும் மைக்ரேஷன்ஸ் ஃபோல்டரைத் திறங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஒவ்வொரு மைக்ரேஷன் ஃபைலின் முதல் வரியிலும், எந்த ஜாங்கோ அதை உருவாக்கியது, எந்தத் தேதியில் என்று குறிப்பு இருக்கும். 0001-இல் தொடங்கி வரிசையாகப் பாருங்கள். முதலில் 2.2, நடுவில் எங்கோ 3.0, கடைசியில் 3.2 என்று மாறிக்கொண்டே வந்தால், அந்த மனிதர் எப்போதெல்லாம் வெர்ஷனை ஏற்றினார் என்ற வரலாறே கைக்கு வந்துவிடும். அது அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த வெர்ஷன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவான பதில் சர்வரில்தான். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முடிந்தால், தளத்தை ஓட்டும் விர்ச்சுவல் என்விரான்மென்ட் (ப்ராஜெக்டுக்கென்று தனியாக வைத்த பைத்தானும் பேக்கேஜ்களும்) எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கூனிகார்ன் என்ற சர்வர் ப்ரோக்ராம் வைத்து ஓட்டியிருந்தால் அதன் சர்வீஸ் ஃபைலை "சிஸ்டம்சிடிஎல் கேட்" என்று போட்டு அதன் பின் சர்வீஸ் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எக்ஸெக்ஸ்டார்ட் என்ற வரியில் முழுப் பாதை இருக்கும். அந்தப் பாதையில் வரும் "பின்" என்ற பெயருள்ள ஃபோல்டரில் ஒரு பைத்தான் இருக்கும். அந்தப் பைத்தானையே முழுப் பாதையோடு கூப்பிட்டு, "-எம் ஜாங்கோ --வெர்ஷன்" என்று சேருங்கள். வரும் எண்தான் உங்கள் விருந்தினர்கள் தினமும் பயன்படுத்தும் ஜாங்கோ. சி-பேனல் ஹோஸ்டிங் என்றால் பைத்தான் ஆப் அமைக்கும் பக்கத்தின் மேலேயே அந்த என்விரான்மென்டுக்குள் போகும் கமாண்ட் எழுதியிருக்கும். காப்பி செய்து டெர்மினலில் ஒட்டினால் போதும்.

டீபக் (எரர் விவரங்களைத் திரையில் காட்டும் செட்டிங்) வைத்திருந்தால் எரர் பக்கத்திலேயே ஜாங்கோ வெர்ஷன் தெரியும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது லேப்டாப்பில் மட்டும். ஓடும் தளத்தில் டீபக்கைத் திறந்துவைத்தால் உங்கள் செட்டிங்ஸில் பாதி உலகத்துக்கே தெரியும்.

எண் கிடைத்ததும் லேப்டாப்பில் தனியாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டு, அதே எண்ணை இன்ஸ்டால் செய்து, அங்கே இ-பாஸ் கட்டத்தைச் சேருங்கள். பைத்தான் எண்ணையும் சர்வரைப் போலவே வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜாங்கோ மிகப் புதிய பைத்தானில் முரண்டு பிடிக்கும். "மேக்மைக்ரேஷன்ஸ்" ஓட்டுவது அந்த என்விரான்மென்டுக்குள்தான் நடக்க வேண்டும். வேறு வெர்ஷனில் ஓட்டினால், நீங்கள் கேட்காத மாற்றங்களையும் அது மைக்ரேஷனில் சேர்த்து எழுதிவிடலாம். உருவான ஃபைலைத் திறந்து பாருங்கள்: ஒரே ஒரு ஃபீல்டு சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இ-பாஸ் நடைமுறை 2024 மே 7 முதல் இருக்கிறது. இன்னும் போனில் கேட்டுக்கொண்டிருப்பது உங்களுக்கும் கஷ்டம், மலையேறி வருபவருக்கும் கஷ்டம். கட்டத்தை முதலில் சேர்த்துவிடுங்கள். வெர்ஷனை ஏற்றுவதை சீசன் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். 2.2-க்கான ஆதரவு 2022 ஏப்ரலில் முடிந்தது, 3.2-க்கு 2024 ஏப்ரலில் முடிந்தது. 4.2-க்கு 2026 ஏப்ரல் வரை, 5.2-க்கு 2028 ஏப்ரல் வரை. இந்த .2 வெர்ஷன்களில்தான் நீண்டகால ஆதரவு என்பதால், 2.2-இலிருந்து 3.2, அங்கிருந்து 4.2, பிறகு 5.2 என்று படிப்படியாக ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் பைத்தானை "-டபிள்யூ டி" சேர்த்து ஓட்டினால், அடுத்து எதெல்லாம் நீக்கப்படும் என்று முன்கூட்டியே எச்சரிக்கும்.

கேள்வி: கேத்தியில் கேரட் வியாபாரம். மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும் மூட்டைக் கணக்கும் பில்லும் போட ஒரு பழைய தளம் வைத்திருக்கிறோம். கோட்இக்னைட்டர் என்று மகன் சொல்கிறான். ஹோஸ்டிங்காரர்கள் ஏதோ மாற்றினார்கள், அன்றிலிருந்து ஒவ்வொரு பில்லின் தலையிலும் "டிப்ரிகேட்டட்" என்று வரிவரியாக வருகிறது. கம்போசர் ஃபைல் எதுவும் இல்லை. வெர்ஷனை எங்கே பார்ப்பது? (வாசகர், கேத்தி)

பதில்: ஐயா, கோட்இக்னைட்டரில் இது சுலபம். பழைய கோட்இக்னைட்டர் தன் முழு உடம்பையும் உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருக்கும். சிஸ்டம் ஃபோல்டர், அதற்குள் கோர், அதற்குள் கோட்இக்னைட்டர் டாட் பிஎச்பி. அதில் "சிஐ_வெர்ஷன்" என்று தேடச் சொல்லுங்கள் மகனிடம். பக்கத்தில் 2-இல் தொடங்கும் எண்ணோ 3-இல் தொடங்கும் எண்ணோ இருக்கும். ஃபோல்டரின் பெயர் "அப்ளிகேஷன்" என்று முழுதாக இருந்தாலே அது 3 அல்லது அதற்குக் கீழே. 2020-இல் வந்த 4-இல் அதை "ஆப்" என்று சுருக்கிவிட்டார்கள்.

பில்லின் தலையில் வரும் வரிகளில் "டைனமிக் ப்ராப்பர்ட்டி" என்ற சொல் இருந்தால், சர்வரில் பிஎச்பியை 8.2-க்கோ அதற்கு மேலேயோ ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். 2022 டிசம்பரில் வந்த 8.2-இல்தான் அந்த எச்சரிக்கை ஆரம்பித்தது. கோட்இக்னைட்டர் 3-இன் 3.1.13 வெர்ஷன் அதே ஆண்டு மார்ச்சில், 8.2 வருவதற்கு முன்பே வந்தது. அதனால் அதையும் இந்த எச்சரிக்கை விடாது. கணக்கு தப்பாகவில்லை, பில் தொகையும் மாறவில்லை. இந்தப் பழைய முறை பின்னால் நீக்கப்படும் என்ற எச்சரிக்கைதான் அது.

ஆனால் அது பில்லில் தெரிகிறது என்பதே வேறொரு விஷயத்தைக் காட்டுகிறது. உங்கள் தளம் "டெவலப்மென்ட்" நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே இருக்கும் இண்டெக்ஸ் டாட் பிஎச்பியில் என்விரான்மென்ட் என்ற வரியைப் பார்த்து, அதை "ப்ரொடக்‌ஷன்" என்று மாற்றச் சொல்லுங்கள். எரர்கள் திரையில் வருவது நிற்கும். இது எப்போதோ செய்திருக்க வேண்டியது. எழுதிக் கொடுத்தவர்கள் இதைக்கூடச் செய்யாமல் காசு வாங்கிக்கொண்டு போவது எனக்குப் பொறுக்கவில்லை.

வெர்ஷன் 3 என்றால் இப்படியே கொஞ்ச நாள் ஓட்டலாம். 2 என்றால் சீக்கிரம் ஆள் பாருங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், 3-இலிருந்து 4-க்குப் போவது ஏற்றம் இல்லை, கிட்டத்தட்ட புதிதாக எழுதுவது. "ஒரு மணி நேர வேலை" என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஊட்டியில் சின்ன அளவில் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். எனக்குப் பின்னால் வருபவருக்கு இந்தச் சிக்கல் வராமல் என்ன எழுதிவைக்க வேண்டும்? (வாசகர், உதகை)

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. கேத்தி ஐயாவின் கடிதத்தையும் இதையும் ஒரே நாளில் படித்தேன்.

ரீட்மி ஃபைலில் நீளமாக எதுவும் வேண்டாம். ஃப்ரேம்வொர்க்கின் பெயரும் எண்ணும், மொழியின் எண், டேட்டாபேஸின் எண், சர்வரில் எந்த ஃபோல்டரில் எந்த என்விரான்மென்டில் ஓடுகிறது, அந்த எண்களைச் சரிபார்க்கும் கமாண்ட். கமாண்டை எழுத மறக்காதீர்கள். நீங்கள் எழுதிய எண் நாளைக்கு மாறிவிடலாம், கமாண்ட் மாறாது.

லாக் ஃபைலை கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்த்தே வையுங்கள். வெண்டரையும் நோட் மாட்யூல்ஸையும் விலக்குவது சரி, சேர்ந்தாற்போல் லாக் ஃபைலையும் கிட்இக்னோரில் போட்டுவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கூடாது. ஜாங்கோவில் ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் வெறுமனே "ஜாங்கோ" என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டு சமக் குறி போட்டு எண்ணையும் எழுதுங்கள். எண் இல்லாத வரி, இன்ஸ்டால் செய்யும் நாளில் எது புதிதோ அதை இறக்கிவிடும். ரூபி மொழியின் ரயில்ஸ் ஃப்ரேம்வொர்க் என்றால் ஜெம்ஃபைல் டாட் லாக் அந்த வேலையைச் செய்யும். அப்புறம், வாடிக்கையாளர் கையில் ஒரு தாளில் இதே விவரத்தை அச்செடுத்துக் கொடுங்கள். ஹோம்ஸ்டே வைத்திருக்கும் அம்மாவுக்கு கிட் தெரியாது, ஆனால் அந்தத் தாளை பில் புத்தகத்தோடு பத்திரமாக வைத்திருப்பார்.

கேள்வி: பந்தலூரில் மழை தொடங்கினால் நெட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு ஆங்குலர் ப்ராஜெக்ட் வைத்திருக்கிறேன். நெட் இல்லாமல் வெர்ஷன் பார்க்க முடியுமா? பில்ட் செய்தால் "டிஜிட்டல் என்வலப்" என்று ஏதோ எரர் வேறு வருகிறது. (வாசகி, பந்தலூர்)

பதில்: தாராளமாக. "என்பிஎம் எல்எஸ் @ஆங்குலர்/கோர்" என்று போடுங்கள். அது நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரைத்தான் படிக்கும், நெட்டைத் தொடாது. அதுவும் ஓடாவிட்டால் நோட் மாட்யூல்ஸ், @ஆங்குலர், கோர் என்று இறங்கி அங்கிருக்கும் பேக்கேஜ் டாட் ஜேசானில் வெர்ஷன் வரியைப் பாருங்கள். ப்ராஜெக்டின் வெளியில் இருக்கும் பேக்கேஜ் டாட் ஜேசானில் உள்ளது, மேலே கோத்தகிரித் தம்பிக்குச் சொன்ன மாதிரி, கேட்ட எண் மட்டும்தான்.

என்பிஎக்ஸ் சேர்த்து ஓட்டும்போது மட்டும் கவனம். ப்ராஜெக்டுக்குள் அந்தக் கருவி இல்லையென்றால் அது நெட்டிலிருந்து இறக்கப் பார்க்கும். இறங்கியது எதுவோ, அதன் எண்ணை உங்கள் ப்ராஜெக்டின் எண் என்று எடுத்துக்கொண்டுவிடுவீர்கள்.

பேக்கேஜின் பெயர் @ குறி இல்லாமல் வெறும் "ஆங்குலர்" என்று இருந்தால் அது பழைய ஆங்குலர்ஜேஎஸ். அதற்கு ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது. வெர்ஷன் 3-ஐத் தேடாதீர்கள், அப்படி ஒன்று வரவே இல்லை. 2-க்கு அடுத்து நேராக 4.

அந்த எரர் ஆங்குலருடையது மட்டும் இல்லை, பில்ட் கருவியை ஓட்டும் நோடும் சேர்ந்தது. நோட் 17-இல், குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 3-க்கு மாறினார்கள். பழைய ப்ராஜெக்ட்களின் பில்ட் கருவி அதோடு ஒத்துப்போகாது. "நோட் -வி" பாருங்கள், 17 அல்லது அதற்கு மேல் இருக்கும். உங்கள் ஆங்குலர் எண்ணுக்கு எந்த நோட் பொருந்தும் என்று ஆங்குலர் ஆவணத்தில் அட்டவணை இருக்கிறது. நெட் வரும் நாளில் அதைப் பார்த்து, சரியான நோடை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குன்னூரில் கல்லூரி மூன்றாம் ஆண்டு. நீலகிரியில் உள்ள ஹோட்டல் தளங்கள் எந்த ஃப்ரேம்வொர்க்கில், எந்த வெர்ஷனில் இருக்கின்றன என்று ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுத நினைக்கிறேன். வெளியிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா அக்கா? (மாணவி, குன்னூர்)

பதில்: பிரவுசருக்கு வந்து சேரும் பகுதியை மட்டும் கண்டுபிடிக்கலாம். எஃப்12 அழுத்துங்கள். ஆங்குலர் தளம் என்றால் எலிமென்ட்ஸ் பகுதியில் "என்ஜி-வெர்ஷன்" என்று தேடினால் எண்ணோடு கிடைக்கும். ஜேக்வெரி இருந்தால் கன்சோலில் "ஜேக்வெரி.எஃப்என்.ஜேக்வெரி" என்று கேளுங்கள். நெக்ஸ்ட்.ஜேஎஸ் என்ற ஃப்ரேம்வொர்க் தளம் என்றால் "விண்டோ.நெக்ஸ்ட்.வெர்ஷன்".

சர்வரில் ஓடும் ஃப்ரேம்வொர்க் அப்படிச் சொல்லாது. "லாரவெல்_செஷன்" என்று ஒரு குக்கி இருந்தால் லாரவெல், படிவத்துக்குள் "சிஎஸ்ஆர்எஃப்மிடில்வேர்டோக்கன்" என்று மறைந்திருந்தால் ஜாங்கோ என்று பெயர்வரை போகலாம். எண் வராது. நெட்வொர்க் பகுதியில் பதில் ஹெடரைப் பார்த்தால் சில தளங்களில் "எக்ஸ்-பவர்ட்-பை" என்ற வரியில் பிஎச்பியின் எண் இருக்கும். ரிப்போர்ட்டில் எண் தெரியாத இடத்தில் ஊகிக்காமல் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். அது சரியான பதில்தான், மதிப்பெண் குறைத்தால் உங்கள் ஆசிரியரிடம் நான் பேசுகிறேன்.

முகவரியின் பின்னால் கம்போசர் டாட் லாக் என்றோ, ரகசிய செட்டிங்ஸ் இருக்கும் டாட் ஈஎன்வி என்றோ சேர்த்துத் திறந்து பார்ப்பது வேண்டாம். அடுத்தவர் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கும் வேலை அது. நீங்களே ஒரு தளம் வைத்திருந்தால் அதில் சோதியுங்கள். திறந்தால், டொமைன் பப்ளிக் ஃபோல்டருக்குப் பதிலாக ப்ராஜெக்ட் ஃபோல்டரையே காட்டிக்கொண்டிருக்கிறது. ஹோஸ்டிங் பேனலில் டாக்குமென்ட் ரூட்டை பப்ளிக்குக்கு மாற்றுங்கள். பிஎச்பி எண் ஹெடரில் போவதை நிறுத்த பிஎச்பி டாட் ஐஎன்ஐயில் "எக்ஸ்போஸ்_பிஎச்பி" என்பதை ஆஃப் செய்துவிடுங்கள்.